சந்தேக நபரின் கூற்றைச் சோதிப்பது எப்படி?

குடும்பக் கொலை வழக்கில் உயிர்தப்பியவரே சந்தேக நபராகவும் இருக்கும்போது, அவர் அழுதாரா, கலங்காமல் பேசினாரா என்பதிலிருந்து தொடங்க வேண்டாம். துயரம் ஆளுக்கு ஆள் வேறு முகம் காட்டும். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே நேர வரிசையில் எழுதி, ஒவ்வொரு கூற்றும் உண்மையானால் வீட்டில் எந்தத் தடயம் இருந்தாக வேண்டும் என்று பக்கத்தில் குறியுங்கள்.

1970 பிப்ரவரி 17 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் பிராக் ராணுவக் குடியிருப்பில் கர்ப்பிணி மனைவியும் இரு மகள்களும் கொல்லப்பட்ட வழக்கில், ராணுவ மருத்துவர் ஜெஃப்ரி மெக்டொனால்ட், அந்நியர் நால்வர் தம்மை வரவேற்பறையில் தாக்கியதாகவும், அப்போது தம் இரவுச்சட்டை கிழிந்ததாகவும் கூறினார். அப்படியானால் சட்டையின் நூலிழைகள் வரவேற்பறையில் சிதறியிருக்க வேண்டும். அவையோ படுக்கையறைகளிலும் மனைவியின் உடலுக்கு அடியிலும் கிடைத்தன. குடும்பத்தினர் நால்வருக்கும் வெவ்வேறு ரத்தப் பிரிவு என்பதால், யார் எங்கே ரத்தம் சிந்தினார் என்பதையும் தனித்தனியே பிரித்தறிய முடிந்தது. இத்தகைய வாய்ப்பு மிக அரிது.

விசாரணைப் பதிவைப் படிப்பதோடு நிற்காமல், இயன்றால் அந்த இடத்தையும் நேரில் பாருங்கள். மெக்டொனால்டுடைய மனைவியின் வளர்ப்புத் தந்தை முதலில் மருமகனுக்காகப் போராடினார்; பதிவை வரிவரியாகப் படித்து, வீட்டோடு ஒப்பிட்ட பிறகே மருமகனுக்கு எதிராகத் திரும்பினார்.

தடயங்களையும் அதே கண்டிப்புடன் சந்தேகியுங்கள்: அந்த வீட்டில் ராணுவக் காவலர் பலர் நடமாடியதும், பொருள்கள் இடம் மாறியதும் பின்னாளில் வாதத்துக்கு உள்ளாயின. 1979-இல் குற்றவாளி எனத் தீர்ப்பான மெக்டொனால்ட், தாம் நிரபராதி என்றே கூறிவந்தார்.