ஆப்பிரிக்க நாட்டுத் தேர்தலைப் பின்தொடர்வது எப்படி? நம்ம ஊர் பூத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து போர்வெல் வண்டியோடும் கம்பெனி வேலையாகவும் கென்யா, தான்சானியா, மலாவி என்று போயிருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே தேர்தல் வந்தால் இங்கே வீட்டில் தூக்கம் போய்விடும். டயர் எரிகிற வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், "அங்கெல்லாம் ஏது ஜனநாயகம், பையனைக் கிளம்பி வரச் சொல்லு" என்று பெரியப்பா முடிவே கட்டிவிடுவார். அந்த வீடியோவை ஒதுக்கிவிட்டு வேறு சில விஷயங்களைக் கவனித்தால் நிலவரம் நன்றாகவே பிடிபடும். நீங்கள் ஒரு தேர்தலிலாவது பூத் ஏஜென்டாக இருந்திருந்தால் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்.

முதலில் "ஆப்பிரிக்கா" என்று மொத்தமாகப் பேசுவதை நிறுத்துங்கள். 54 நாடுகள் இருக்கின்றன, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். போட்ஸ்வானாவில் 1966இல் சுதந்திரம் வந்ததிலிருந்து ஆண்ட கட்சி 2024 அக்டோபர் 30 தேர்தலில் தோற்றது, நவம்பர் 1ஆம் தேதி புது அதிபர் டூமா போகோ பதவியேற்றுவிட்டார். கேமரூனில் 1982இலிருந்து பால் பியாதான் அதிபர். நைஜரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபரை 2023 ஜூலையில் ராணுவம் இறக்கிவிட்டது. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் எழுதினால் மூன்றுமே தப்பாகத்தான் புரியும்.

அடுத்தது, ஓட்டுப்பதிவு நாளுக்கு முன்பே பார்க்க ஆரம்பிக்க வேண்டும். யாரை நிற்க விட்டார்கள், யாரைத் தடுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. தான்சானியாவில் 2025 தேர்தலுக்கு முன்பே முக்கிய எதிர்க்கட்சித் தலைவர் டுண்டு லிசு தேசத்துரோக வழக்கில் சிறையில், அவருடைய சடேமா கட்சி போட்டியிலேயே இல்லை. ஓட்டுப்பதிவு அன்று இணையத்தை முடக்கினார்கள், தெருவில் கலவரம், அதிபருக்கு ஏறக்குறைய 98 சதவீத ஓட்டு என்று அறிவிப்பு. வேட்பாளர் பட்டியலைப் பார்த்திருந்தாலே இது எங்கே போகும் என்று பல மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். அங்கே ஆள் இருந்தால், இணையம் நிற்கலாம் என்று எதிர்பார்த்துக் கையில் கொஞ்சம் பணமும் வீட்டில் கொஞ்சம் சாமானும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால், ஒரு நாட்டுத் தேர்தலை எடைபோட நீங்கள் தேட வேண்டியது பூத் அளவிலான முடிவுத் தாளைத்தான். நம்ம ஊரில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் பூத் அதிகாரி 17சி படிவத்தைக் கையெழுத்துப் போட்டு ஏஜென்ட் கையில் கொடுப்பார், அதில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று மட்டும்தான் இருக்கும். மெஷின் சீல் வைக்கப்பட்டு, தர்மபுரியில் என்றால் எண்ணும் மையமான செட்டிக்கரை பொறியியல் கல்லூரிக்குப் போய்விடும், எண்ணுவது அப்புறம். கென்யாவில் அப்படியில்லை. ஓட்டுப் போட்ட அதே அறையில், அன்று ராத்திரியே, ஒவ்வொரு சீட்டையும் எடுத்து ஏஜென்டுகளுக்குக் காட்டி எண்ணுகிறார்கள். யாருக்கு எத்தனை என்பதை 34ஏ என்ற படிவத்தில் எழுதி, ஏஜென்டுகளும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை வாசலிலேயே ஒட்டுகிறார்கள். அதற்குப் பிறகு தலைநகரில் யார் என்ன கூட்டினாலும் கீழே ஆதாரம் நிற்கிறது.

2017 ஆகஸ்டில் அப்போதைய கென்ய அதிபர் உஹுரு கென்யாட்டா ஜெயித்ததாக அறிவித்தபோது, இந்தப் படிவங்கள் எல்லாம் வந்து சேர்வதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா தரப்பு கோர்ட்டுக்குப் போனது. செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்தார், கென்யாட்டாவே ஜெயித்தார், அது வேறு கதை. அந்தத் தீர்ப்பின் பலன் 2022இல் தெரிந்தது: 46,000க்கும் மேற்பட்ட பூத்துகளின் 34ஏ படிவங்களையும் தேர்தல் ஆணையம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. பத்திரிகைகள் தாங்களே கூட்டிப் பார்த்தன, யார் வேண்டுமானாலும் கூட்டியிருக்கலாம். வில்லியம் ரூட்டோ 50.49 சதவீதம், ஒடிங்கா 48.85. இவ்வளவு நெருக்கமான முடிவு, ஆணையர்கள் ஏழு பேரில் நாலு பேர் முடிவை ஏற்கமாட்டோம் என்று தனியாகப் பேட்டி கொடுத்தார்கள். அப்படியும் நாடு தாங்கியது, வழக்கு போட்டார்கள், தள்ளுபடியானது, பதவியேற்பு நடந்தது. இதில் அந்தத் தாளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

மலாவி இன்னும் அழுத்தமான கதை. 2019 மே தேர்தலில் முடிவுத் தாள்களில் ஒயிட்னர் பூசி எண்ணை மாற்றியிருந்தார்கள். ஜனங்கள் மாதக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து தேர்தலை ரத்து செய்தார்கள். அதே 2019இல் நம்ம பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதியில் 8 பூத்துகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது நினைவிருக்கும். அங்கே நாடு முழுவதற்கும் மறுதேர்தல். ஆட்சியில் இருந்த பீட்டர் முத்தாரிகா தோற்று லசாரஸ் சக்வேரா வந்தார். 2025இல் சக்வேரா தோற்றார், முத்தாரிகா திரும்ப வந்தார், இரண்டாவது முறை கோர்ட் தேவைப்படவில்லை.

அதனால் செய்தி படிக்கும்போது இதைத் தேடுங்கள்: எண்ணிக்கை பூத்திலேயே நடக்கிறதா, தாளில் ஏஜென்ட் கையெழுத்து இருக்கிறதா, வெளியே ஒட்டுகிறார்களா, முழுசாக இணையத்தில் போடுகிறார்களா. மொத்தக் கணக்கை மட்டும் அறிவித்துவிட்டு பூத் கணக்கைக் காட்டாத நாட்டில் சந்தேகப்படுவது நியாயம்.

ஓட்டு எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். காம்பியாவில் கோலிக்குண்டை எடுத்து வேட்பாளரின் டிரம்மில் போடுவார்கள், உள்ளே மணி அடிக்கும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் 22 வருஷம் ஆண்ட யாஹ்யா ஜாமே 2016இல் அந்தக் கோலிக்குண்டில்தான் தோற்றார். நமீபியா 2014இல் மின்னணு மெஷினுக்கு மாறியது, நம்ம ஓசூருக்குப் பக்கத்தில் பெங்களூரில் இருக்கிற பாரத் எலக்ட்ரானிக்ஸ் மெஷின்தான். சரிபார்க்கக் காகிதம் இல்லாமல் அதைப் பயன்படுத்தியது செல்லாது என்று 2020 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த வருஷமே வாக்குச்சீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஜெயிக்கும் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு ஒரு ஓட்டு கூடுதல் என்றாலே வெற்றி. கென்யாவில் பாதிக்கு மேல் வாங்குவதோடு, 47 மாவட்டங்களில் பாதியிலாவது 25 சதவீதம் வாங்க வேண்டும். தன் இனத்து ஓட்டை மட்டும் வைத்து அதிபராகிவிட முடியாது.

தேர்தல் இல்லாத நாட்களையும் விடாதீர்கள். 2024 ஜூனில் கென்யாவில் வரி மசோதாவை இளைஞர்கள் தங்கள் ஊர் மொழிகளில் மாற்றி எல்லோருக்கும் விளக்கினார்கள், தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, கடைசியில் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். கிராம சபையில் வரவு செலவை எழுந்து கேட்கிறவர்களுக்கு இந்தக் கோபம் புரியும்.

முடிவு அறிவித்த பிறகு தோற்றவர் எங்கே போகிறார் என்று பாருங்கள். 2007 முடிவில் கோர்ட்டை நம்ப ஆளில்லாமல் கென்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2010 அரசியல் சட்டம் அதற்கு வழி செய்தது: அறிவிப்பு வந்து 7 நாளுக்குள் வழக்கு, அடுத்த 14 நாளுக்குள் தீர்ப்பு. உங்கள் பையன் நைரோபியில் இருந்தால் இந்த மூன்று வாரத்தை காலண்டரில் குறித்து வையுங்கள். தோற்றவர் மனு போட்டுவிட்டார் என்று செய்தி வந்தால் அவசரப்பட்டு டிக்கெட் போட வேண்டாம், தீர்ப்பு நாளில் மட்டும் கூட்டம் கூடும் இடங்களுக்குப் போகாமல் இருக்கச் சொல்லுங்கள்.