திருகோணமலைச் சனலை மாற்றியமைப்பது எப்படி? பார்க்கிறவர் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள்

திங்கட்கிழமை கோணேசர் கோயில், புதன்கிழமை உட்துறைமுக வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை, வெள்ளிக்கிழமை உள்ளூர்ச் செய்தி, ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக் கடற்கரை. திருகோணமலையிலிருந்து வரும் பல தமிழ் யூடியூப் சனல்களின் ஒரு வாரம் இப்படித்தான் போகிறது. உழைப்பில் குறையில்லை. ஆனால் கோயிலுக்காக வந்தவர் கடை வீடியோவைத் தட்டுவதில்லை; செய்திக்காக வந்தவர் கடற்கரையைப் பார்ப்பதில்லை. 20,000 சப்ஸ்கிரைபர் இருந்தும் புது வீடியோ 600 பார்வையோடு நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கமராவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. என்ன எடுக்கிறோம், யாருக்காக எடுக்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

முதல் வேலை ஒரு கொப்பியும் பேனையும் எடுப்பது. யூடியூப் ஸ்டூடியோவில் அனலிட்டிக்ஸுக்குப் போய், அட்வான்ஸ்ட் மோடைத் திறந்து, கடந்த 365 நாளைத் தெரிவு செய்யுங்கள். அதிகம் பார்க்கப்பட்ட 20 வீடியோக்களுக்கு நான்கு விடயங்களை எழுதுங்கள்: மொத்தப் பார்வை, முதல் மூன்று நாடுகள், சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எவ்வளவு வருமானம். கணினியில் செய்வது நல்லது. போன் செயலியில் எல்லாம் முழுமையாகத் தெரியாது. இரண்டு மணித்தியாலம் எடுக்கும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

எழுதி முடிந்ததும் பார்வையாளர் நான்கு கூட்டமாகப் பிரிந்து தெரிவார்கள். லண்டன், ரொறன்ரோ, பாரிஸில் இருப்பவருக்கு ஊரின் வீதி, சந்தைச் சத்தம், பள்ளிக்கூட மதில், கடையின் பெயர்ப்பலகை வேண்டும். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து வர நினைப்பவருக்கு எந்த பஸ், எவ்வளவு காசு, எந்த மாதம் என்று தெரியவேண்டும். தமிழ்நாட்டுப் பார்வையாளர் பாடல் பெற்ற தலத்தையும் நமது பேச்சையும் சாப்பாட்டையும் தேடி வருகிறார். ஊர்க்காரருக்குச் செய்தி வேண்டும்.

இந்த நால்வரின் பார்வைக்கும் விளம்பரதாரர் ஒரே விலை கொடுப்பதில்லை. உங்கள் கைக்கு வருவது ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு என்பதை ஆர்பிஎம் என்ற எண் காட்டும். கணக்கு புரிவதற்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு செய்தி வீடியோ 40,000 பார்வை, ஆர்பிஎம் 0.60 டொலர், வருமானம் 24 டொலர். ஒரு வீதி உலா வீடியோ 15,000 பார்வை, ஆர்பிஎம் 2.50 டொலர், வருமானம் 37.50 டொலர். உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். பார்வை குறைந்த வீடியோ அதிகம் உழைத்திருப்பதைப் பலர் இந்தக் கணக்கில்தான் முதன்முறை காண்கிறார்கள்.

ஒரு கூட்டத்தைப் பிரதானமாக எடுங்கள். அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒன்றை மட்டும் சேருங்கள். திருகோணமலைக்குப் புலம்பெயர்ந்தவரும் உள்நாட்டுப் பயணியும் நல்ல சோடி என்பது எங்கள் உறுதியான கருத்து. இருவருக்கும் இடம் ஒன்றுதான். ஒருவருக்கு நினைவு, மற்றவருக்குத் தகவல். ஒரே படப்பிடிப்பில் இரண்டையும் எடுக்கலாம். செய்தியை விட மனமில்லை என்றால் அதற்குத் தனிச் சனல் தொடங்குங்கள். பழைய வீடியோக்களை அழிக்கவேண்டாம். அவை சேர்த்துக் கொடுத்த பார்வை நேரத்தை வீணாக இழக்கக்கூடாது. முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, புது வரிசைகளை மேலே வையுங்கள்.

முதல் 30 செக்கன்

ஒவ்வொரு வீடியோவுக்கும் ஸ்டூடியோவில் ரிட்டென்ஷன் கோடு இருக்கிறது; எந்த இடம்வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அது காட்டும். 30ஆவது செக்கனில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் அதே இடத்தில் காணலாம். ஆரம்பத்திலேயே கோடு செங்குத்தாக விழுந்தால் தலைப்பு சொன்னது வீடியோவில் உடனே வரவில்லை. மெதுவாகச் சரிந்தால் அது இயல்பு. நடுவில் திடீரென்று விழுந்தால் அந்த நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அநேகமாக நீண்ட நன்றியுரையோ கடைக்காரரைப் புகழும் பகுதியோ இருக்கும். கோடு மேலே எழும்பினால் ஆட்கள் பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் குறித்துவையுங்கள், அடுத்த வீடியோ அங்கேதான் கிடக்கிறது. தம்பலகாமம் வயல் வீடியோவில் எருமைத் தயிர் சட்டியில் உறையும் இரண்டு நிமிடம் அப்படி எழும்பினால், தயிருக்கே ஒரு முழு வீடியோ எடுக்கலாம்.

புறாத்தீவு வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழமையான தொடக்கம்: 8 செக்கன் லோகோ, 20 செக்கன் ட்ரோன் காட்சி, பிறகு "வணக்கம் உறவுகளே, இண்டைக்கு நாங்கள் எங்க வந்து நிக்கிறம் எண்டா… அதுக்கு முதல் சனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ". விடயம் தொடங்கும்போது 50 செக்கன் போயிருக்கும். அதே வீடியோவை இப்படித் தொடங்கிப் பாருங்கள். கமரா படகின் விளிம்பில் இருக்கிறது, பின்னால் தீவு தெரிகிறது:

"நிலாவெளிக் கரையில படகுக்கு நிக்கிறம். புறாத்தீவுக்குப் போக ரெண்டு இடத்தில காசு கட்டவேணும். ஒண்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, மற்றது படகுக்கு. நாலு பேர் போனா ஆளுக்கு எவ்வளவு எண்டு கணக்குப் போடுறது எப்பிடி எண்டு திரும்பி வரேக்க காட்டுறன்."

15 செக்கனுக்குள் இடம், பயன், கடைசிவரை இருக்க ஒரு காரணம் மூன்றும் வந்துவிட்டன. ட்ரோன் காட்சியைத் தூக்கி எறியத் தேவையில்லை. 3, 4 செக்கன் துண்டுகளாக உள்ளே பரப்பிவிடுங்கள். விலையை வாயால் சொல்லாதீர்கள். கட்டணம் மாறியதும் வீடியோ பழசாகிவிடும். திரையிலும் பேச்சிலும் கணக்குப் போடும் முறையை மட்டும் காட்டி, எண்ணை விபரப் பகுதியிலும் மேலே குத்திவைத்த கருத்திலும் எழுதுங்கள். அவற்றை எப்போதும் திருத்தலாம்.

சத்தம்

மங்கலான படத்தைப் பொறுப்பவர்கள் இரைச்சலைப் பொறுப்பதில்லை. டச்சுக்குடாவிலும் சுவாமிமலை உச்சியிலும் கடற்காற்று மைக்கை அடித்துக்கொண்டே இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வேறு. மைக்கோடு வரும் பஞ்சு உறை வீட்டுக்குள்தான் உதவும். வெளியில் ரோமம் போன்ற காற்றுத்தடுப்பு உறை கட்டாயம். மைக்கைச் சட்டைக்கு வெளியே, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி நின்று மாட்டுங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். தொகுக்கும்போது 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் காற்றின் உறுமல் பெருமளவு போய்விடும்.

இன்னொரு பொறி கோயில் ஒலிபெருக்கி. திருவிழாவில் போடும் பக்திப் பாட்டும், ஓட்டோவில் ஓடும் சினிமாப் பாட்டும் உங்கள் வீடியோவுக்குள் வந்தால், பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி முறையால் உரிமைக் கோரிக்கை வரும்; அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். பதிவேற்றும்போது முதலில் 'தனிப்பட்டது' என வைத்து, யூடியூபின் உரிமைச் சோதனை முடிந்த பிறகு வெளியிடுங்கள். கோரிக்கை வந்தால் ஸ்டூடியோவிலேயே அந்தத் துண்டை வெட்டவோ ஊமையாக்கவோ முடியும். நாதஸ்வரம், தவில், மணியோசையை நேரடியாகப் பதிவு செய்வது இதைவிட நல்லது. வெளிநாட்டில் இருப்பவர் கேட்க ஏங்குவதும் அந்தச் சத்தத்தைத்தான்.

நீளம், தலைப்பு, நேரம்

8 நிமிடமோ அதற்கு மேலோ இருந்தால்தான் வீடியோவின் நடுவில் விளம்பரம் வைக்கலாம். இதற்காக 5 நிமிட விடயத்தை இழுக்கவேண்டாம், ரிட்டென்ஷன் கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் உவர்மலையிலிருந்து கடற்கரை வரை நடக்கும் வீதி உலா 20 நிமிடம் ஓடினாலும் புலம்பெயர்ந்தவர் பார்ப்பார். அவர்களில் பலர் தொலைக்காட்சியில் போட்டுக் குடும்பத்தோடு இருந்து பார்க்கிறார்கள். அனலிட்டிக்ஸில் சாதன வகையைப் பாருங்கள். தொலைக்காட்சி நேரம் கூடுதலாக இருந்தால் நிதானமான நீண்ட காட்சிகளுக்கு இடம் கொடுங்கள். நடுவிளம்பரத்தைத் தானியங்கியிடம் முழுதாக விடாமல், இடம் மாறும் வெட்டுகளில் கையால் வையுங்கள்.

தலைப்பில் ஊர்ப்பெயரும் கேள்வியும் முதலில் வரட்டும். போனில் பின்பகுதி வெட்டுப்படும். முகப்புப் படம் (தம்ப்நெயில்) 1280க்கு 720 பிக்சல், அதில் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். வலது கீழ்மூலையில் எதையும் எழுதாதீர்கள், வீடியோ நேரம் அதை மறைத்துவிடும். காட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் தட்டினார்கள் என்ற விகிதம் பாதிச் சனல்களுக்கு 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. 4 சதவீதம் வந்தால் மனம் உடையத் தேவையில்லை.

புலம்பெயர்ந்தவருக்கான வீடியோவை வெள்ளி இரவு 9.30க்கு வெளியிட்டால் கோடையில் லண்டனில் மாலை 5 மணி, ரொறன்ரோவில் நண்பகல் 12. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கச் சிரமம். கையால் தட்டச்சு செய்த ஆங்கில உபதலைப்பு சேருங்கள். தாயும் மகளும் ஒன்றாகப் பார்ப்பார்கள்.

ஷோர்ட்ஸ் ஆட்களைக் கூட்டிவரும், வீட்டுச் செலவைத் தாங்காது. ஷோர்ட்ஸுக்கு ஒதுக்கும் விளம்பரப் பணத்தில் 45 சதவீதம்தான் படைப்பாளிக்கு. நீள வீடியோவில் 55. ஒவ்வொரு ஷோர்ட்ஸிலும் 'தொடர்புடைய வீடியோ' இணைப்பைப் போட்டு நீள வீடியோவுக்கு வழி காட்டுங்கள்.

பருவமும் அனுமதியும்

கிழக்குக் கரையின் பயணப் பருவம் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை. கடற்கரை, திமிங்கிலம், புறாத்தீவு வீடியோக்கள் மாசி, பங்குனியிலேயே வெளியாகியிருக்க வேண்டும். பயணத்தை ஆட்கள் அப்போதுதான் திட்டமிடுகிறார்கள். அப்படியென்றால் காட்சிகளை முந்திய ஆண்டே எடுத்துவைக்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை மழை. அப்போது கன்னியா வெந்நீர்க் கிணறுகள், திருவெம்பாவை, வீட்டுச் சமையல், கருவாட்டுக் குழம்பு.

பிரட்ரிக் கோட்டை இன்றும் இராணுவம் இருக்கும் இடம். கோயிலுக்குப் போகும் வழியில் முகாமைப் படமெடுக்காதீர்கள். கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத் தளமும் பக்கத்திலேயே இருப்பதால் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடவே கூடாது. யுத்தம், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய வீடியோக்களுக்கு மஞ்சள் அடையாளம் விழுந்து விளம்பரம் சுருங்கலாம். அவை பதிவாக வேண்டியவை, எடுங்கள். அந்த மாதச் செலவை மட்டும் வேறு வீடியோக்களிலிருந்து எதிர்பாருங்கள்.

காசு

விளம்பரத்துக்குத் தகுதி பெற 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அந்த மணித்தியாலத்துக்குப் பதிலாக 90 நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வையும் போதும். சிறிய சனலுக்கு உள்ளூர்த் தொழில்தான் வேகமாகக் காசு தரும்: உப்புவெளி விருந்தினர் விடுதி, படகுக்காரர், கருவாடு விற்பவர். அவர்களிடம் பார்வை எண்ணிக்கையை விற்கவேண்டாம். விபரப் பகுதியில் அவர்களின் வட்ஸ்அப் எண்ணைப் போட்டு, கூப்பிடுபவர் சொல்ல ஒரு குறிச்சொல் கொடுங்கள். மூன்று மாதத்தில் அந்தச் சொல்லோடு எத்தனை முன்பதிவு வந்தது என்று கேட்டு, அதை வைத்து அடுத்த விலையைப் பேசுங்கள். காசு வாங்கிய வீடியோவில் 'கட்டண விளம்பரம் உள்ளது' என்ற பெட்டியில் சரி போட மறக்காதீர்கள். பார்ப்பவரின் நம்பிக்கை போனால் விற்க எதுவும் மிஞ்சாது.

யூடியூப் காசு வந்து சேரும் கூகுளின் அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தும் பின் (PIN) எண் தபாலில் வரும். முகவரியைத் தபால்காரர் அறிந்தபடி, வீட்டு இலக்கத்தோடு கொடுங்கள். டபிள்யூ-8 பிஇஎன் வரிப் படிவத்தையும் நிரப்புங்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளரால் வந்த பகுதிக்கு மட்டும் அமெரிக்க வரி பிடிப்பார்கள். விட்டால் லண்டன், கனடாப் பார்வை உட்பட மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். 100 டொலர் சேர்ந்ததும் கொடுப்பனவு வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் வங்கி தன் கட்டணத்தைக் கழிக்கும். உங்கள் வங்கி எவ்வளவு கழிக்கிறது என்று கேட்டு, அட்சென்ஸில் கொடுப்பனவு எல்லையை 300 டொலராக உயர்த்தினால் மூன்று கழிப்புகள் ஒன்றாகும்.