ஒரே சொல், பத்துப் படம்: ‘படி’யை வைத்துப் புகைப்படத் தொடர் எடுப்பது எப்படி?

பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் சேர்த்துப் பாடக் காளமேகப் புலவருக்குச் சொல் இருந்தது. படம் எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. குளத்துப் படிக்கட்டும், அரிசி அளக்கும் படியும், மாட்டுச் சந்தையில் படிந்த பேரமும் கண்ணுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. பார்ப்பவர் மனதில் மட்டும்தான் அவை ஒன்று சேரும். அப்படிச் சேர வேண்டுமானால், சொல் ஒரு பக்கம் கட்டிப்போடும்போது, வடிவம், வெளிச்சம், நிறம் இவை மறுபக்கம் கட்டிப்போட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இரண்டாவது கட்டைத்தான்.

கேமரா வேண்டும் என்பதில்லை. கையால் மாற்றக்கூடிய புரோ மோடு உள்ள போன் போதும்.

1. சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் பலபொருள் சொல்லும் இதற்கு ஆகாது. ‘மாலை’ என்றால் பூமாலை, சாயங்காலம், இரண்டு படத்தோடு முடிந்தது. ‘திங்கள்’ என்றால் நிலவை எடுக்கலாம்; கிழமையையும் மாதத்தையும் எடுக்க முயன்றால் காலண்டரைத்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். குறைந்தது ஆறு பொருளாவது கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவற்றில் சில பொருட்களாகவும் சில செயல்களாகவும் இருந்தால் நல்லது. ‘கட்டு’ (கீரைக்கட்டு, காயக்கட்டு, சீட்டுக்கட்டு, செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டு), ‘கால்’ (பந்தக்கால், வாய்க்கால், கால் பங்கு) இரண்டும் இந்தத் தேர்வில் தேறும். இங்கே ‘படி’யை எடுத்துக்கொள்வோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்திலேயே பார்க்கலாம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கையில் இருந்தால் இன்னும் நல்லது. இன்று புழங்கும் பொருள்கள் அதில் தெளிவாக இருக்கும். கிடைக்கும் பொருள்களை எல்லாம் எழுதிவிட்டு வெட்ட ஆரம்பியுங்கள். ‘அதன்படி’, ‘சொன்னபடி’ போன்றவை முதலில் போகட்டும், அவற்றுக்கு உருவம் இல்லை. அகவிலைப்படி, பயணப்படியையும் விட்டுவிடச் சொல்வேன். சம்பளச் சீட்டைத்தான் எடுக்க முடியும், அது எழுத்தைப் படம் பிடிப்பது. எழுத்து வந்ததும் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

மிஞ்சுவதே தாராளம்: படிக்கட்டு, வாசற்படி, பேருந்துப் படி, அளக்கும் படி, படியளத்தல், வாசித்தல், நகல், தூசு படிவது, தலைமுடி படிவது, பேரம் படிவது. ஏறும் படி மட்டும் இதில் மூன்று வடிவில் இருக்கிறது. பத்துப் படத்தில் அதற்கு மூன்றுக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தொடர் படிக்கட்டு ஆல்பமாகிவிடும்.

2. சட்டத்தை முதலிலேயே பூட்டுங்கள்

படம் எடுக்கப் போகும் முன்பே இவற்றை முடிவு செய்து கடைசி வரை மாற்றாமல் இருங்கள்:

- எல்லாம் நிமிர்ந்த படம், 2:3 விகிதம். லேபில் 8×12 அங்குலம் பிரிண்ட் போட வெட்டாமல் பொருந்தும். 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2400×3600 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படம் 4:3 விகிதத்தில் 3024×4032 இருக்கும். இரு ஓரமும் வெட்டினால் 2688×4032 மிஞ்சும், போதும்.
- ஒரே லென்ஸ். போனில் 1எக்ஸ். அகலக் கோண லென்ஸில் படிக்கட்டின் ஓரக் கோடுகள் இழுபட்டுப் போகும்.
- வெளியில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) 5200 கெல்வினில் நிற்கட்டும். ஆட்டோவில் விட்டால் அரிசி ஒரு படத்தில் நீலமாகவும் இன்னொன்றில் மஞ்சளாகவும் வரும். ‘ரா’ கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.
- வெளிச்சம் எப்போதும் பக்கவாட்டில் இருந்து. பிளாஷ் வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பக்க வெளிச்சத்தில்தான் படியின் விளிம்பு, தூசியின் மேடு, எண்ணெய் வைத்த முடியின் சீப்புக்கோடு மூன்றும் எழுந்து நிற்கும். தொடரின் கண்ணுக்குத் தெரிகிற இழை அதுவே.

3. ஒவ்வொன்றாக எடுங்கள்

*அளக்கும் படி.* எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். இரண்டு கிலோ அரிசி வைத்துக்கொண்டால் எந்தப் படியும் நிரம்பும். பித்தளைப் படியென்றால் அறையில் உள்ள அத்தனையும் அதில் தெரியும், உங்கள் சட்டை உட்பட. ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்துங்கள். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கினால் உங்கள் பிம்பம் மறையும்.

இதில் இரண்டு படம் ஒளிந்திருக்கிறது: தலைதட்டிய படி, குவித்த படி. தலைதட்டுவது செயல். உள்ளங்கை விளிம்பில் அரிசியை வழித்து, மிஞ்சியது சரியும் நொடி வேண்டும். அரிசி மணி மணியாக அந்தரத்தில் நிற்க ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம், 1/1000 வினாடி. கோடு கோடாக ஒழுக 1/60. இடையில் 1/200-இல் எடுத்தால் இரண்டும் கெட்டு, கை நடுங்கிய படம்போல் இருக்கும். வீட்டுக்குள் 1/1000 வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறிப் புள்ளி விழும். ஆகவே இதை முற்பகலில், திண்ணையிலோ முற்றத்திலோ நிழலில் எடுங்கள்.

*படிக்கட்டு.* திருவாரூர் கமலாலயம், மதுரை வண்டியூர்த் தெப்பக்குளம் மாதிரி இடம் கிடைத்தால் சரி, உங்கள் ஊர்க் குளமும் போதும். உச்சிவெயிலில் படிக்கட்டுப் படம் ஏன் சப்பையாக வருகிறது? வெயில் தலைக்கு மேலிருந்து விழும்போது நிழல் நீளாது, படியின் விளிம்பு எழுந்து நிற்காது. காலை ஏழு மணிக்குள் போய், கால் வைக்கும் பரப்பும் நிமிர்ந்த முகமும் வெவ்வேறு வெளிச்சத்தில் இருக்கும் கரையைத் தேடுங்கள். கிரிட் கோட்டைப் போட்டு, ஏதாவது ஒரு படியைப் படத்தின் அடிவிளிம்புக்கு இணையாக நிறுத்துங்கள். சாய்வு கொஞ்சம் இருந்தாலும் அது தவறுபோலவே தெரியும்.

சுவாமிமலையில் அறுபது படி, தமிழ் வருடம் அறுபதுக்கும் கணக்கு. அந்த எண்ணிக்கை படத்தில் வரப்போவதில்லை, அதற்காக மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்க வேண்டாம். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு உருவம் இல்லை. சந்தனம் பூசிய மூடிய கதவுக்குத்தான் பூசை. பெயரிலேயே படி இருந்தும் படத்தில் கதவு மட்டும் நிற்கும். தொடரில் இப்படி ஒரு புதிர் இருக்கலாம். கோயில்களுக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்; வெளியே நின்று எடுப்பதே உத்தமம்.

*பேருந்துப் படி.* ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதியிருப்பதன் கீழேயே ஆள் தொங்குவது எல்லோரும் எடுத்த படம். எழுத்தைத் தவிர்த்துக் கால்களை மட்டும் எடுங்கள்: ஒரு செருப்பு படியில், மற்றொன்று காற்றில். நிறுத்த மேடையில் நின்றபடி 1/30-இல் பேருந்தோடு கேமராவைத் திருப்பினால் சாலை ஓடும், கால் நிற்கும். சாலையில் இறங்கியோ ஓடும் வண்டியில் தொங்கியோ எடுக்காதீர்கள்.

*வாசிப்பது.* குழந்தையும் புத்தகமும் வேண்டாம், விளம்பரமாகிவிடும். டீக்கடை பெஞ்சில் ஒருவர் விரித்துப் பிடித்த தினசரியின் முதுகுப்பக்கத்தை எதிரில் இருப்பவர் வாசித்துக்கொண்டிருப்பார். அதற்குக் காத்திருங்கள்.

*நகல்.* ஏட்டுப்படி, கையெழுத்துப்படி என்ற வழக்கில் படி என்றால் நகல். சுலபமானது ஜெராக்ஸ் கடை: மூடியைச் சாத்தாமல் எடுக்கும்போது கண்ணாடிக்கடியில் ஒளிக்கோடு நகர்வது தெரியும். 1/8 வினாடி, மேசைமேல் கேமராவை ஊன்றி. கடையின் மற்ற படங்களுக்கு 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு முறை துடிக்கும். வேறு வேகத்தில் எடுத்தால் படத்தில் பட்டைபட்டையாகக் கறுப்பு விழும்.

அரிதானது, ஆனால் இந்தத் தொடருக்கே செய்தது போன்றது, கல்வெட்டு மைப்படி. கல்லைச் சுத்தம் செய்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை ஏறாது. கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக நிற்கும். நீங்களாக எந்தக் கல்வெட்டிலும் இதைச் செய்யக் கூடாது, முறையான அனுமதி வேண்டும். தொல்லியல் பயிற்சி முகாம் நடக்கும்போது போய் எடுங்கள். தாளை உரிக்கும் தருணம்தான் படம்: மூலமும் படியும் ஒரே சட்டத்தில். தாள் கறுப்பாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தை ஏற்றிச் சாம்பலாக்கும், 0.7 ஸ்டாப் குறைத்துவிடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

*தூசு.* கறுப்புப் பரப்பில்தான் தெரியும். நாளாக ஓடாமல் நிற்கும் பைக்கின் டேங்க், பழைய ரேடியோ, ஹார்மோனியப் பெட்டி எதுவானாலும் சரி. டார்ச்சை எதிர்ப்பக்கத்தில் பரப்போடு ஒட்டினாற்போல், பத்துப் பதினைந்து டிகிரிக்குள் தாழ்த்திப் பிடியுங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் தூசு காணாமல் போகும். விரலால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள். வழவழப்பான இடத்தில் ஆட்டோஃபோகஸ் அலையும். இங்கும் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறையுங்கள். போனில் என்றால் தொட்டுவிட்டுச் சூரியக் குறியைக் கீழே இழுப்பது. இதற்கு உங்களுக்கு ஒரே வாய்ப்புதான்: இழுத்த கோட்டை அழிக்க முடியாது, மறுபடி தூசு படியக் காத்திருக்க வேண்டும். ஆகவே கோடு இழுக்கும் முன்பே வெளிச்சத்தைச் சோதித்துப் பாருங்கள்.

*படிய வாரிய தலை.* பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை, எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை, பின்னாலிருந்து. முகம் தேவையே இல்லை. ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் சீப்பின் பல் பட்ட கோடுகள் மின்னும். பின்னங்கழுத்தில் படியாமல் நிற்கும் இரண்டு முடியைத் தடவி அடக்கிவிடாதீர்கள், படமே அதில்தான் இருக்கிறது. பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

*பேரம்.* பொள்ளாச்சி சந்தை, ஆடியில் கூடும் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தை போன்ற இடங்களில் தரகரும் வாங்குபவரும் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரல் பிடித்து விலை பேசுவது வழக்கம். விரல் தெரியாது, தெரியக் கூடாது என்பதற்குத்தான் துண்டு. அதனால் கைகளை நெருங்கி எடுத்துப் பயனில்லை. இரண்டு முகமும் நடுவில் துண்டும் வரும்படி தோளுயரத்தில் நில்லுங்கள். பேரம் நடக்கையில் முகங்கள் கல்லாக இருக்கும். படிந்து அச்சாரம் கைமாறும்போதுதான் தளரும். முந்தையது பேரம், பிந்தையதே ‘படிந்த’ பேரம். தொடருக்கு வேண்டியது அது. முதலில் கேமராவைப் பையில் வைத்தபடி டீ குடித்து, தரகரிடம் கேட்டுக்கொண்டு, அப்புறம் எடுங்கள். கேட்காமல் நீட்டினால் விலையை உளவு பார்ப்பதாக நினைப்பார்கள்.

*படியளத்தல்.* மார்கழித் தேய்பிறை அஷ்டமியில் மதுரையில் சுவாமியும் அம்மனும் சப்பரங்களில் வெளி வீதிகளைச் சுற்றி வருவார்கள். அம்மன் சப்பரத்தை இழுப்பது பெண்கள். எல்லா உயிர்க்கும் இறைவன் படியளக்கும் விழா என்பதால் வழியெல்லாம் அரிசி தூவுவார்கள். சப்பரத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள்: தார்ச்சாலையில் வெள்ளை அரிசி, அதைப் பொறுக்கும் விரல்கள். கூட்டத்தில் குனிந்து எடுக்காதீர்கள், மிதிபடுவீர்கள். சப்பரம் கடந்த பின் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம்.

வாசற்படிக்குத் தனிக் குறிப்பு தேவையில்லை. மஞ்சள் பூசிக் குங்குமமிட்ட மரப்படி, வாசலுக்குள் சாய்வாக வெயில் வரும் நேரம், அவ்வளவுதான்.

4. கழித்துக்கட்டி வரிசைப்படுத்துங்கள்

ஒவ்வொரு பொருளிலும் இரண்டு படத்தை 4×6 அளவில் மலிவாக பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் வரிசை அமையாது, எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்க முடியாது.

பக்கத்துப் பக்கத்துப் படங்கள் பொருளில் தூரமாகவும் தோற்றத்தில் கிட்டவும் இருக்கட்டும். தூசியில் விரல்கோடு, அடுத்து தலையில் வகிடு. தெப்பக்குளக் கோடுகள், அடுத்து தினசரியின் பத்திகள். மைப்படியின் வெள்ளை எழுத்துகளுக்குப் பின் தார்ச்சாலை அரிசி வந்தால் கண் தடுக்காமல் தாண்டும். படிக்கட்டை முதலில் வைக்காதீர்கள். தலைப்பைப் படித்தவர் முதல் படத்தையும் அதையே பார்த்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பேரம் நடுவில் வரட்டும். நாலைந்து படம் பார்த்து விளையாட்டுப் பிடிபட்ட பிறகே அது பிடிபடும்.

இதுவரை பார்க்காத ஒருவரிடம் சொல்லைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். கொஞ்சம் யோசித்தாவது ‘ஓ, அந்தப் படி’ என்று வராத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போக வேண்டும். சந்தை தெரியாத ஊர்க்காரருக்குப் பேரம் புரியாமல் போகலாம். அதற்குப் படக்குறிப்பு உண்டு.

5. படக்குறிப்பு

தலைப்பில் ஒரு முறை ‘படி’ என்று வந்துவிட்டது. இனி எந்தக் குறிப்பிலும் அந்தச் சொல் வரக் கூடாது. ‘மாட்டுச் சந்தை, பொள்ளாச்சி. விலை முடிந்தது’, ‘மதுரை வெளி வீதி, மார்கழி அஷ்டமி’ என்ற அளவில் நிறுத்துங்கள். ‘இங்கே படி என்பது நகலைக் குறிக்கிறது’ என்று எழுதினால் பார்ப்பவரின் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

அச்சுக்கு மேட் தாள் எடுங்கள். பளபளப்புத் தாளில் தூசுப் படத்தின் கறுப்பில் டியூப் லைட்தான் தெரியும். சுற்றிலும் வெள்ளை விடச் சொன்னால் சில லேபில் படத்தைச் சுருக்காமல் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். வெள்ளையையும் சேர்த்து 8×12 கோப்பாக நீங்களே தயாரித்துக் கொடுத்து, ‘அப்படியே போடுங்க, ஆட்டோ கலர் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.