காய்ந்த குளத்தில் ஃபுட்டி ஆடுவது எப்படி

ஆஸ்திரேலியா என்றதும் நம் பையன்களுக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். நான் மெல்பர்னில் ஆறு வருடம் வேலை பார்த்தவன், அந்த ஊர்க்காரர்கள் மூச்சு விடுவதே ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்துக்காகத்தான் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாம் பாக்ஸிங் டே டெஸ்ட் பார்க்கிற அதே எம்சிஜி மைதானத்தில், வழக்கமாக செப்டம்பர் கடைசி சனிக்கிழமை ஃபுட்டி இறுதிப் போட்டி நடக்கும். அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும்.

இந்த ஆட்டம் பிறந்ததே கிரிக்கெட் ஆட்களால்தான். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பு தளர்ந்துவிடக் கூடாது, அதற்கு ஒரு கால்பந்து கிளப் வேண்டும் என்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858-ல் எழுதினார், மறு வருடமே மெல்பர்னில் விதிகளை எழுதிவிட்டார்கள். அதனால் இதற்குச் சதுர மைதானம் தேவையில்லை, கிரிக்கெட் ஆடும் நீள்வட்டத் திடல் போதும். ஊருக்குத் திரும்பி வந்து வள்ளியூர், பணகுடி பக்கத்துக் குளங்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மழையை நம்பிக் கிடக்கிற குளம், சித்திரையில் வற்றினால் ஐப்பசி வரைக்கும் சும்மாதான் கிடக்கும், சுற்றிலும் கரை, கரை மேலே பனை. உட்கார்ந்து பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

முதல் வேலை முள் பொறுக்குவது. சீமைக் கருவேல முள் ஒன்று கிடந்தாலும் யாராவது ஒருவன் காலில் ஏறிவிடும், கேன்வாஸ் ஷூவையும் துளைக்கும். பத்துப் பேர் வரிசையாக நின்று குளத்தை ஒரு தடவை குறுக்கே, ஒரு தடவை நெடுக்கே நடந்து பொறுக்குங்கள். அப்புறம் இரண்டு முனையிலும் நான்கு நான்கு சவுக்குக் கம்பு நட வேண்டும். நடு இரண்டும் உயரமாக, ஓரத்து இரண்டும் கொஞ்சம் குட்டையாக இருக்கட்டும், கம்புக்குக் கம்பு 21 அடி. அடியில் பழைய சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள், ஓடி வருகிறவன் மோதினால் அடிபடாது. பெரிய ஆட்டத்தில் ஓர் அணிக்கு 18 பேர், திடல் நீளம் 135 மீட்டரிலிருந்து 185 மீட்டர் வரை இருக்கும். நாங்கள் ஒன்பது பேர் வைத்து, பாதி நீளத்தில் ஆடுகிறோம், நன்றாகவே ஆட முடிகிறது.

பந்து ரக்பி பந்து மாதிரி நீள்வட்டம்தான், கொஞ்சம் சிறியது. "எண்ணே, இது உரிக்காத தேங்கா மாதிரில்லா இருக்கு" என்றான் ஒரு பொடியன், சரியாகத்தான் சொன்னான். ஆன்லைனில் நான் ஃபுட்டி பந்து கேட்டதற்கு ஒரு கடை ரக்பி பந்தை அனுப்பிவிட்டது. பழகுவதற்கு அதுவும் ஆகும், திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

மற்றதெல்லாம் அப்புறம், உதையை முதலில் கற்றுக்கொடுங்கள். அதன் பெயர் டிராப் பன்ட். பந்தை நெட்டக்குத்தலாக, இரண்டு பக்கமும் விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டும். வலது காலால் உதைக்கிறவன் என்றால் இடது கையை முதலில் எடுத்துவிட்டு, வலது கையாலேயே பந்தைத் தொடைக்கு நேராகக் கீழே இறக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள், பந்தை மேலே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இடுப்பு உயரத்திலிருந்து, தண்ணீர் நிறைந்த செம்பைத் தரையில் வைப்பதுபோல் அதைக் கீழே விட வேண்டும், பந்து சாயக் கூடாது. கால் விரல்களை நீட்டி விறைப்பாக வைத்து, ஷூ கயிறு கட்டுகிற இடத்தால், பந்தின் கீழ்முனையில் அடியுங்கள். சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகச் சுழன்று நேராகப் போகும். சாய்ந்து பட்டால் எங்கேயாவது ஒடை முள்ளுக்குள்தான் தேட வேண்டும். இருபது அடி தூரத்தில் இருவரை எதிரெதிரே நிறுத்தி, இதை மட்டும் ஒரு வாரம் செய்யச் சொல்லுங்கள், கையிலிருந்து விடுவது சீரானால் தூரம் தானாக வரும்.

பந்தை எறியக் கூடாது. பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு உள்ளங்கையில் பந்தை வைத்து, மறு கையை முட்டி மடக்கிக் குத்த வேண்டும், கட்டைவிரல் முட்டிக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே மடித்தால் வலிக்கும். பந்தோடு ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒரு தடவையாவது அதைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும். வெடித்த குளத்து மண்ணில் அது எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது, அதனால் குனிந்து பந்தைத் தரையில் தொட்டுவிட்டு ஓடச் சொல்லுங்கள், விதியே அதற்கும் இடம் கொடுக்கிறது.

இந்த ஆட்டத்தின் அழகு மார்க் என்கிற பிடியில் இருக்கிறது. 15 மீட்டராவது வந்த உதையை, நடுவில் யாரும் தொடாமல் பிடித்துவிட்டால், யாரும் மறிக்காமல் நிதானமாக உதைக்கும் உரிமை உங்களுக்கு. முன்னால் நிற்கிறவன் தோளில் முழங்கால் வைத்து ஏறிக்கூடப் பிடிப்பார்கள், பார்க்கவே மெய்சிலிர்க்கும், ஆனாலும் முதல் சில மாதம் பிள்ளைகளை அப்படி ஏற விடாதீர்கள். ஆஃப்சைடு கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

பிடித்து மடக்குவதில் நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், கபடி ஆடி வளர்ந்த கை. ஒரே சிக்கல், கபடிப் பழக்கத்தில் கணுக்காலுக்குப் பாய்வார்கள். இங்கே தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலேதான் பிடிக்க வேண்டும், மீறினால் எதிரணிக்கு உதை. "ஏல, இடுப்பப் புடி, இடுப்பப் புடி" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே கட்டிவிட்டது. பிடிபட்டவனும் பந்தைக் கட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது, விட வழி இருந்தும் உதைக்காமல், குத்தாமல் இருந்தால் பந்து கைமாறிவிடும்.

ஆட்டத்தைத் தொடங்க, நடுவர் பந்தை நடுவில் மேலே போடுவார், இரண்டு நெட்டையன்கள் எம்பித் தட்டுவார்கள். நடு இரண்டு கம்புக்கு இடையே உதைத்துவிட்டால் 6 புள்ளி. நடுக் கம்புக்கும் ஓரத்துக் கம்புக்கும் இடையே போனாலோ, நடுக் கம்பில் பட்டாலோ 1 புள்ளிதான், அதற்கு பிஹைண்ட் என்று பெயர். 4 கோல் 8 பிஹைண்ட் அடித்தவன் 32, 5 கோல் 3 பிஹைண்ட் அடித்தவன் 33, ஜெயித்தது இரண்டாவது ஆள். கோல் நடுவர் கோலுக்கு இரண்டு விரல், பிஹைண்டுக்கு ஒரு விரல் காட்டிக் கொடியை வீசுவார், எங்களுக்குக் கொடி இரண்டு வெள்ளைத் துண்டு.

பெரிய ஆட்டத்தில் 20 நிமிடமாக நான்கு பகுதி. நாங்கள் பத்துப் பத்து நிமிடம் ஆடுகிறோம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும், நம் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் எதிர்த்து உதைத்த பந்து திரும்பி உதைத்தவன் தலைக்கே வரும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் கிடைத்தால் உயரமாக உதைக்காதீர்கள், குத்திக் குத்திக் கொண்டுபோங்கள். காற்று பின்னால் வரும்போது உதைத்துத் தள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளும் ஆடலாம், 2017-லிருந்து அங்கே பெண்களுக்குத் தனி தேசிய லீக்கே நடக்கிறது. ஓடிப் பிடித்து மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு நெட்பால் இருக்கிறது, ஆஸ்திரேலியப் பெண்கள் நிறையப் பேர் ஆடுவது. ஏழு பேர், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, மூன்று விநாடிக்குள் கைமாற்ற வேண்டும், வளையத்துக்குப் பின்னால் பலகை இருக்காது. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துத் திடல் இருந்தால் அங்கேயே பழகலாம். சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் போனால் ரக்பி லீக்தான் ராஜா, 13 பேர், ஆறு தடவை மடக்கிவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்றைக்கே கம்புகளைப் பிடுங்கிவிடுங்கள், ஒரு நாள் விட்டாலும் மண் இளகிச் சாய்ந்துவிடும். பந்தைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, பாதிக் காற்றை இறக்கி வைத்தால் அடுத்த சித்திரைக்கும் ஆகும்.