எலிக்குட்டிகளுக்குத் தீவனம் மாற்றிய அனுபவம்
சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், பால்மறந்த எலிக்குட்டிகள் எடை ஏறாமல் நின்றன. “அக்கா, தீவனம் கல்லு மாதிரி இருக்கு” என்றார் கூண்டு பார்க்கும் தம்பி. தீவனத்தைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் 121 டிகிரி நீராவி கிருமியைக் கொல்லும்; கூடவே தயமினையும் (வைட்டமின் பி1) அழிக்கும், தீவனத்தையும் இறுக்கும்.

அதனால், கிருமியைக் கொல்ல கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் காமா கதிர் பாய்ச்சிய தீவனத்துக்கு மாறினோம். எங்கள் எலிகளுக்கு 25 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) போதும். கிருமியே கூடாத எலிகளுக்கு 50 வரை போவார்கள், ஸ்போர்கள் (கிருமிகளின் உறங்குநிலை வித்துகள்) லேசில் சாகா. கதிரும் வைட்டமின் ஏ, ஈ, தயமினைக் குறைக்கும், கொழுப்பில் பெராக்சைடு என்னும் கெடுபொருளைக் கூட்டும். ஆனாலும் தயமின் இழப்பு நீராவியைவிடக் குறைவு. பூஞ்சை செத்தாலும் அதன் நஞ்சு தங்கும் என்பதால் மூலப்பொருளின் தரச்சான்றைக் கேட்டு வாங்குகிறேன்.

இந்த ஊர் ஈரக்காற்றுக்கு வெற்றிடப் பொதி கட்டாயம். குளிரறையில் வைத்து, உறையைக் கிருமிநாசினியால் துடைத்தே பிரிக்கிறோம். குட்டிகள் இப்போது நன்றாகக் கொறிக்கின்றன, எடையும் ஏறுகிறது.