சுண்டெலிச் சீரத்தில் பற்றீரியா உறைச் சர்க்கரைக்கான பிறபொருளெதிரி: எலிசா செய்வது எப்படி?

திருகோணமலையிலிருந்து ஆய்வுகூட வேலைக்குப் புதிதாகப் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பிப்பெட் பிடிக்கவும் ஐதாக்கல் போடவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பற்றீரியாவின் உறையிலுள்ள சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்துச் செய்வது இணைப்புத் தடுப்பூசி. அதைச் சுண்டெலிக்கு ஏற்றியபின் சர்க்கரைக்கு எதிரான பிறபொருளெதிரி சீரத்தில் எவ்வளவு வந்தது என்று எலிசாவால், அதாவது தட்டில் வரும் நிறத்தைக் கொண்டு, அளப்பதே இங்கே வேலை. நம் கிளினிக்குகளில் 2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் உள்ள ஹிப் (ஹீமோபிலஸ் இன்புளுவென்சா பி என்ற பற்றீரியா) பகுதி இப்படிப்பட்ட இணைப்புத் தடுப்பூசிதான். உறைச் சர்க்கரையைத் தனியாக ஏற்றினால் டி கலங்களின் (பிறபொருளெதிரி உருவாக உதவும் வெண்கலங்கள்) உதவி கிடைக்காது, நோயெதிர்ப்பு நினைவாற்றலும் உருவாகாது. புரதத்தோடு பிணைத்தால் இரண்டும் வந்துவிடும். பிணைத்தால் சர்க்கரைக்கும் பிறபொருளெதிரி வரும் என்று ஏவரி, கோபல் என்ற ஆய்வாளர்கள் 1931-இலேயே முயல்களில் காட்டிவிட்டார்கள்.

படி 1: விலங்கு ஒழுக்கநெறி அனுமதி கையில் வந்த பிறகே ஊசி. சுண்டெலிகளில் நான்கு கூட்டங்கள் வேண்டும்: உப்புக்கரைசல், சர்க்கரை மட்டும், சர்க்கரையும் புரதமும் பிணைக்காமல் கலந்தது, பிணைத்தது. மூன்றாவதைச் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். பலன் பிணைப்பால் வந்தது என்று சொல்ல அதுதான் சாட்சி. 0, 14, 28ஆம் நாட்களில் ஊசி போடலாம். முதல் ஊசிக்கு முன்பும் இரத்தம் எடுத்து வையுங்கள்.

படி 2: தட்டில் பூசுவது. எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பொலிஸ்டைரீன் தட்டில் புரதம் தானாக ஒட்டும். சர்க்கரை நீரை விரும்புவது, பல வேளைகளில் கழுவும்போதே போய்விடும். அதற்காகத் தடுப்பூசியையே தட்டில் பூசிவிடாதீர்கள்! சர்க்கரையைச் சுமக்கும் புரதம் ஏற்புவலி டொக்சொயிட் (நஞ்சு நீக்கிய நச்சுப்புரதம்) என்றால், அதற்கு எதிரான பிறபொருளெதிரியும் சேர்ந்து ஒட்டும். நிறம் அழகாக வரும், ஆனால் எதற்கு வந்தது என்று சொல்ல முடியாது. சர்க்கரையை மெதைலேற்றிய மனித அல்புமினோடு கலந்து பூசலாம், அல்லது பொலி-எல்-லைசின் பூசிய தட்டில் இடலாம். எனக்குப் பிடித்தது முதலாவது: ஒரு வேலை குறைவு. எதை எடுத்தாலும் சரி, தடுப்பூசியில் இருக்கும் புரதம் தட்டில் இருக்கக்கூடாது. தட்டில் மீந்த இடங்களை மூடும் அடைப்புக் கரைசலுக்கும் இதே விதி.

படி 3: சீரம், கழுவல், சுண்டெலியின் ஐஜிஜி-க்கு (பிறபொருளெதிரி வகைகளில் ஒன்று) எதிரான, நொதி பிணைத்த பிறபொருளெதிரி, மறுபடி கழுவல். இதில் புதுமை ஒன்றுமில்லை. பல்வாய்ப் பிப்பெட் இருந்தால் அதையே எடுங்கள்.

படி 4: டிஎம்பி (நொதி பட்டால் நிறம் தரும் பொருள்) இட்டால் நீலம், அமிலம் இட்டதும் மஞ்சள், 450 நானோமீற்றரில் வாசிப்பு. இங்கத்தைய சித்திரை வெக்கையில் ஏசி இல்லாத அறையில் நிறம் விறுவிறுவென்று ஏறும். எல்லாத் தட்டுக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே நேரம்.

படி 5: ஒரு சீரத்தோடு தனிச் சர்க்கரையை முன்கூட்டியே கலந்து தட்டில் இடுங்கள். வாசிப்பு நன்றாக விழுந்தால் நீங்கள் அளப்பது சர்க்கரைக்கான பிறபொருளெதிரியைத்தான். விழாவிட்டால் படி 2-க்குத் திரும்புங்கள்.

பிற்சேர்க்கை: சர்க்கரை மட்டும் ஏற்றிய கூட்டத்திலும் ஐஜிஜி வருகிறதே, பிழையா என்று மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டார். பிழை இல்லை, அம்மா. சுண்டெலிகள் டி கல உதவி இல்லாமலே சர்க்கரைக்கு ஐஜிஜி3 என்ற ஐஜிஜி உபவகையைச் சுரக்கும். உபவகைகளைத் தனித்தனியாக அளந்து பாருங்கள். பிணைத்த கூட்டத்தில், அதுவும் அலுமினிய உப்போடு கொடுத்திருந்தால், ஐஜிஜி1 ஓங்கி நிற்கும். இரண்டாம் ஊசிக்குப் பிறகு அது தாவி ஏறும். சர்க்கரை மட்டும் பெற்றவற்றில் அந்தத் தாவல் இராது.