கமிட்டர் ஆக நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றில் நூறு புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கை) மெர்ஜ் ஆனால், அதாவது திட்டத்தில் சேர்க்கப்பட்டால், தானாகவே கமிட்டர் (நேரடியாக நிரலைச் சேர்க்கும் உரிமை பெற்றவர்) ஆகிவிடலாம் என்ற நினைப்பு தரமணியிலிருந்து சிறுசேரி வரை நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆகாது. கமிட் உரிமை கைக்கு வந்துவிட்டால், முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் நிரலையும் நீங்கள்தான் உள்ளே விடப்போகிறீர்கள். எதை விடக்கூடாது என்று இவருக்குத் தெரியுமா? ஏற்கெனவே கமிட்டர்களாக இருப்பவர்கள் கவனிப்பது இதைத்தான்.

அதனால் எண்ணிக்கையைத் துரத்துவது வீண் வேலை. திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் வழக்கம், 2020இல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாதப் பங்களிப்பு நிகழ்ச்சியில் எல்லை மீறியது. குப்பையை அள்ளிச் சலித்த மெயின்டெய்னர்களின் (திட்டப் பொறுப்பாளர்களின்) எதிர்ப்பால், சம்மதித்த திட்டங்களை மட்டும் கணக்கில் எடுக்கும்படி அந்த மாதமே விதியை மாற்றினார்கள். எழுத்துப்பிழை திருத்துவது தப்பில்லை, வாசல்படிக்கு அது போதும். ஆறு மாதம் கழித்தும் அதையே செய்துகொண்டிருந்தால் யாரும் உங்கள் பெயரை முன்மொழிய மாட்டார்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் ரிவ்யூ. மற்றவர்கள் அனுப்பும் பேட்சை (நிரல் மாற்றத்தை) படிக்கவே மாட்டார்கள், படித்தாலும் 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரியோடு போய்விடுவார்கள். அந்த வரியால் யாருக்கும் உபயோகமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "டைம்அவுட் வந்தால் 3ஆவது ரிட்டர்ன் வழியாக வெளியேறுகிறது, அங்கே கனெக்‌ஷன் மூடப்படவில்லை. அந்த வழிக்கு ஒரு டெஸ்ட் சேர்க்க முடியுமா?" இதுபோலப் பத்து இருந்தால் உங்கள் கண் எவ்வளவு கூர்மை என்று தெரிந்துவிடும். பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டமான குபர்நெட்டீஸ் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கே ரிவ்யூவர் ஆக, குறைந்தது 3 மாதம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். 5 புல் ரிக்வெஸ்டுகளுக்காவது முதன்மை ரிவ்யூவராக இருந்திருக்க வேண்டும். கனமான 20 புல் ரிக்வெஸ்டுகளை ரிவ்யூ செய்திருக்கவோ மெர்ஜ் செய்திருக்கவோ வேண்டும்.

அடுத்தது, எல்லாத் திட்டத்துக்கும் ஒரே வழி என்று நம்புவது. குபர்நெட்டீஸில் உறுப்பினராக நீங்களேதான் விண்ணப்பிக்க வேண்டும். பரிந்துரைக்கும் இருவரும் வெவ்வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருக்கும் இரண்டு நண்பர்கள் போதாது. அப்பாச்சி என்ற மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் நேர்மாறு. பிஎம்சி என்ற நிர்வாகக் குழு உங்களுக்குத் தெரியாமலே தனியாகப் பேசி, வழக்கமாக 72 மணி நேரம் வாக்கெடுப்பு நடத்தும். குறைந்தது மூன்று +1 (ஆதரவு வாக்கு) வேண்டும், தடுப்பு வாக்கு ஒன்றுகூட விழக்கூடாது. அங்கே போய் 'என்னை எப்போது ஆக்குவீர்கள்' என்று கேட்பது சங்கடத்தைத்தான் தரும். பைத்தானில் கோர் டெவலப்பர்கள் ஒரு வாரம் வாக்களிப்பார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. வழிகாட்டுக் குழு நினைத்தால் தடுக்கலாம். லினக்ஸ் கெர்னலிலோ அப்பாச்சி பாணிக் கமிட்டர் பதவியே கிடையாது. மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாளராகப் பெயர் ஏறுவதுதான் அங்கே கணக்கு. ஆகவே முதல் பேட்சுக்கு முன்பே திட்டத்தின் நிர்வாக விதிகளைப் படித்துவிடுங்கள், அரைமணி நேரம் ஆகும்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. அப்பாச்சி கமிட்டர்கள் ஐசிஎல்ஏ என்ற பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். நீங்கள் எழுதும் நிரலில் முதலாளிக்கு உரிமை இருந்தால், அவர் அனுமதி தந்திருக்கிறார் என்று அதில் உறுதி கூறுகிறீர்கள். வேலையில் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்திட்ட தாளில் 'பணிக்காலத்தில் உருவாக்குவது அனைத்தும் நிறுவனத்துக்கே' என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? வாக்கெடுப்பு முடிந்தபிறகு ஹெச்ஆர் பின்னால் அலைவதைவிட, முதல் பேட்சுக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பெயரும் மின்னஞ்சலும் சின்ன விஷயம்தான், ஆனால் கடிக்கும். நம் ஊர் இனிஷியல் பெயர், மாற்றங்களைப் பதியும் கருவியான கிட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் ஏற்கெனவே டெவலப்பர்களாக இருப்பவர்கள் உங்கள் ஜிபிஜி கீயில் (உங்களை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சாவியில்) கையொப்பம் இட வேண்டும், அதற்கு முன் அடையாள அட்டையைக் கேட்பது வழக்கம். கீயில் 'ஆர். செந்தில்', அட்டையில் 'செந்தில்குமார் ராமசாமி' என்றால் கையொப்பமிடத் தயங்குவார்கள். ஆபீஸ் முகவரியில் பாதி கமிட், ஜிமெயிலில் மீதி என்று போனால் உங்கள் வேலை இரண்டு ஆளின் வேலையாகத் தெரியும். வேலையை விட்டதும் முதல் முகவரி செத்துவிடும். சொந்த முகவரி ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சிதறியிருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று கிட்டின் மெயில்மேப் கோப்பில் சேர்த்துவிடலாம்.

அவசரப்படுத்துவதும் ஆகாது, 2024க்குப் பிறகு இன்னும் ஆகாது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்கும் மேலாக ஒழுங்காகப் பேட்ச் அனுப்பினார். வேறு சில கணக்குகள் 'ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள்' என்று களைத்துப்போன மெயின்டெய்னரை நச்சரித்தன. உரிமை கைமாறியது, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) புகுந்தது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பரால்தான் அது 2024 மார்ச்சில் வெளியே வந்தது. சென்னையிலேயே சொந்தத் திட்டம் நடத்துபவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். உதவிக்கு ஆள் கிடைத்தாரே என்ற நிம்மதியில் மெர்ஜ் உரிமை, ரிலீஸ் உரிமை, இணையதளம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மெர்ஜ் மட்டும். ரிலீஸ் சாவி பல மாதம் கழித்துப் போகட்டும், அதுவும் கட்டாய இரண்டு-படி உள்நுழைவோடு.

அப்பாச்சி அழைப்பு தனி மடலாகத்தான் வரும், ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஏற்கிறேன் என்று பதில் போட்டு, ஐசிஎல்ஏ அனுப்பி, கணக்கு உருவாகி, பிஎம்சி அறிவிக்கும்வரை லிங்க்ட்இன் பதிவு காத்திருக்கட்டும்.